அப்பாவின் உயரத்தில் ஒரு மெழுகுதிரி

ஐரோப்பாவை மலிவாகச் சுற்றிப் பார்க்கப் புறப்படும் மாணவர்கள் முதுகில் ஒரு பையோடு போவார்கள். நாங்கள் மூன்று பேரும் முதுகில் ஒரு பையோடும், கையில் ஓர் ஆளுயர மெழுகுதிரியோடும் போனோம். ஆசைப்பட்டுக் கொண்டுபோகவில்லை. எனக்கு ஒரு அம்மா இருக்கிறார், அவ்வளவுதான்.

நான் அப்போது ஒஸ்லோவில் தாதியர் படிப்பின் இரண்டாம் வருடத்தை முடித்திருந்தேன். என்னோடு வர இருந்தவர்களில் ஒருத்தி எங்கள் புறநகரான பியோர்ண்டாலில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். தாய் தகப்பன் மட்டக்களப்பு, இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் நோர்வே. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. மற்றவள் மதுரையிலிருந்து மேற்படிப்புக்கு வந்தவள். பொறியியல் படிக்கிறாள். எதைக் கண்டாலும் அது எத்தனை கிலோ தாங்கும் என்றுதான் முதலில் யோசிப்பாள். ரயில் பாஸ், எட்டுப் பேர் ஒரே அறையில் படுக்கிற விடுதிகள், கோப்பன்ஹேகனில் தொடங்கி பாரிசில் முடிகிற மூன்று வாரம். இதுதான் எங்கள் திட்டம். வருடம் முழுக்க இதைப் பற்றியே கதைத்துக் கதைத்து மற்றவர்களை வெறுக்கப் பண்ணியிருந்தோம்.

அம்மாவிடம் சொன்னேன். வழக்கமாக இப்படியான கதைக்கு அவர் "உங்களுக்கென்ன விசரோ?" என்று கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை. மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஜெர்மனிக்கும் போறியளோ?"

"ஓம்."

"கேவலாருக்குக் கிட்டவோ?"

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. பயணம் இனி என்னுடையதல்ல.

இதற்கு அம்மாவின் நேர்த்திக்கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருடம் மாசி மாதம் அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஒபரேஷன் செய்தார்கள். அப்பா எங்கள் அடுக்குமாடிகளின் வக்த்மேஸ்டர். குழாய் வெடித்தாலும் பூட்டு இறுகினாலும் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு காலை வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். ஒபரேஷன் நடந்த அன்று அம்மா அழவே இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கதிரையில் நிமிர்ந்தபடி இருந்தார். நான்தான் பக்கத்தில் மூக்கைச் சீறிக்கொண்டிருந்தேன். அம்மா அந்த நேரம் கேவலார் மாதாவோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "இந்த மனிசனை முழுசாய் எனக்குத் திருப்பித் தாங்கோ தாயே. அவரின்ரை உயரத்துக்கு முழு மெழுகுதிரி கொண்டுவந்து கொளுத்துறன்."

கேவலார் ஜெர்மனியில் ஒல்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். அங்கே மாதாவுக்கு ஒரு சிற்றாலயம். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஐரோப்பாவில் இருக்கிற எங்கள் சனம் எல்லாம் அங்கே கூடும். வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர், சைவக்காரர் என்று பார்ப்பதில்லை. மாதா எல்லோருக்கும் பொது.

அப்பா வீட்டுக்கு வந்தார். நடந்தார், சாப்பிட்டார், பகிடி விட்டார். ஆனால் நேர்த்தி முடியுமட்டும் மாதா அவரை இரவலாகத்தான் தந்திருக்கிறார் என்பது அம்மாவின் கணக்கு. பால் பெட்டியைத் தூக்க விடமாட்டார். படியில் தனியே இறங்க விடமாட்டார். கார்ச் சாவி அம்மாவின் கைப்பைக்குள் போய்விட்டது. வைத்தியர் எல்லாம் செய்யலாம் என்று எப்போதோ சொல்லிவிட்டார். "டொக்டருக்கென்ன தெரியும்? நேர்ந்தது நானெல்லோ" என்றார் அம்மா. இரவிலே எழும்பி அப்பா மூச்சு விடுகிறாரா என்று மூக்கடியில் கை வைத்துப் பார்ப்பதும் நடந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டே "இருக்கிறன், இருக்கிறன், நீர் படும்" என்பாராம்.

சரி, இருவருமே போய் நேர்த்தியை முடித்துவிட்டு வரலாமே என்று கேட்டேன். அவ்வளவு தூரம் அவரைக் கொண்டுபோகவும் அம்மாவுக்குப் பயம், விட்டுவிட்டுப் போகவும் பயம். அப்பா என்னைக் குளியலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"பிள்ளை, எப்பிடியாவது கொண்டுபோய்க் கொளுத்திப்போடு. இல்லாட்டி இந்த மனிசி என்னை மியூசியத்திலை வைச்சிடும்."

அப்பாவுக்காக ஒத்துக்கொண்டேன்.

அங்கே கடையில் ஒன்றை வாங்கிக் கொளுத்தினால் என்ன என்று கேட்டது என் பிழை. கடை மெழுகுதிரி என்ன உயரமோ, அது யாருடைய உயரமோ! அம்மா அப்பாவைக் கதவு நிலையோடு நிற்க வைத்து அளந்தார். அப்பா மெதுவாகக் குதியைத் தூக்கினார். "குதியைக் கீழை வையுங்கோ. மாதாவுக்குப் பொய் சொல்லாதையுங்கோ." அளவு எடுத்தாயிற்று. மெழுகுக்குப் பஞ்சமில்லை. நோர்வேயில் மாரிகாலம் முழுக்க வீட்டுக்கு வீடு யன்னலில் மெழுகுதிரி எரியும். எங்கள் அடுக்குமாடியில் அப்பாவை நேசிக்காத வீடு இல்லை. விஷயம் தெரிந்ததும் அடிக்கட்டைகளைப் பை பையாகக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். அச்சுக்கு அப்பாவின் சாமான் அறையில் கிடந்த பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். நடுவில் பருத்திக் கயிற்றைத் திரியாக இழுத்துக் கட்டி, அம்மா சோறு வடிக்கிற பெரிய சட்டியில் மெழுகை உருக்கி, இருவரும் சண்டை பிடித்துப் பிடித்து ஊற்றினார்கள். அப்பாவை இவ்வளவு சந்தோஷமாக நான் மாதக்கணக்கில் காணவில்லை. பிறகு குழாயைத் தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "குழாயோடையே கொண்டுபோங்கோ, முறியாது. அங்கை போய் ஒரு தட்டுத் தட்டினால் வழுக்கிக்கொண்டு வரும்."

இங்கே ஒரு தட்டுத் தட்டி அதைச் சரிபார்த்திருக்கலாம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

கீழ்வீட்டு நோர்வேக்காரர் தன் ஸ்கீ பையைத் தந்தார். குழாய் அதற்குள் அளவாகப் போய்ப் படுத்தது. அப்படித்தான், நல்ல வெயில் எறிக்கிற ஆகஸ்ட் மாதத்தில், ஸ்கீ பையோடு மூன்று பெண்கள் ஒஸ்லோவில் ரயில் ஏறினோம். ஒஸ்லோவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பன்ஹேகன் போகிற வழியில் பயணச்சீட்டுப் பார்க்க வந்தவர் பையைப் பார்த்தார், வெளியே வெயிலைப் பார்த்தார், பனி எங்கே இருக்கிறது என்று கேட்டார். மட்டக்களப்புக்காரி முகத்தில் ஒரு அசைவில்லாமல் "நாங்கள் நேரத்தோடு போகிறோம்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா சட்டங்கள் போட்டிருந்தார். மெழுகுதிரியை ஒருவரும் கடக்கக் கூடாது. கால் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது. கோப்பன்ஹேகன் விடுதியில் தரையில் வைத்தால் எல்லோரும் கடப்பார்கள், சுவரில் சாத்தினால் விழும். ஆகவே அதற்கு என்னுடைய கீழ்க் கட்டிலைக் கொடுத்தேன். நான் மதுரைக்காரியோடு மேல் கட்டிலில் ஒடுங்கினேன். அவள் நித்திரையில் உதைப்பாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த பிரச்சினை சாப்பாடு. கோப்பன்ஹேகனில் மலிவாகக் கிடைக்கிற நல்ல சாப்பாடு தெருவோர வண்டிலில் விற்கிற சொசேஜ் பாண். நான் கையை நீட்டியதும் மட்டக்களப்புக்காரி என் கையைத் தட்டிவிட்டாள்.

"நேர்த்திக்குக் கொண்டுபோற சாமானை வைச்சுக்கொண்டு மச்சம் சாப்பிடுறியா? கோயில் முடியட்டும், மறுகா சாப்பிடு."

"நான்தானே வேதக்காரி. எங்களுக்கு அப்பிடிச் சட்டமில்லை."

"எனக்கு இருக்கு. நானும்தானே தூக்கிறன்."

மதுரைக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மச்சத்த எப்படிடி சாப்பிடுவீங்க? எனக்குக் கன்னத்துல ஒண்ணு இருக்கு, அதுக்கு ஏதாவது ஆகுமா?" நடுத்தெருவில் நாங்கள் சிரித்த சிரிப்பில் வண்டில்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அன்றிலிருந்து மூவரும் மரக்கறிதான். டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் மலிவு மரக்கறிச் சாப்பாடு என்றால் உருளைக்கிழங்குப் பொரியல். ஹம்பர்க் போய்ச் சேரும்போது எனக்கு உருளைக்கிழங்கைக் கண்டாலே கண்ணீர் வந்தது. மாதாவுக்காக ஒரு சைவக்காரி ஒரு வேதக்காரியைப் பட்டினி போடுகிறாள் என்று அம்மாவிடம் முறையிட்டேன். "அந்தப் பிள்ளையைப் பார்த்தாவது பழகு" என்றார். தேவைதான் எனக்கு.

ஹம்பர்க்கிலிருந்து போன ரயிலில் குளிரூட்டி வேலை செய்யவில்லை. யன்னலைத் திறக்கவும் முடியாது. வெயில் எங்கள் பக்கம். மதுரைக்காரி பைக்குள் கையை விட்டுக் குழாயைத் தொட்டாள்.

"ஏய், சூடா இருக்குடி. உங்கப்பாவுக்குக் காய்ச்சல்."

துவாயை நனைத்துச் சுற்றினோம். நான் சஞ்சிகையால் விசிறினேன். எதிரில் இருந்த ஜெர்மன் கிழவி ஒருவர் ஸ்கீ பைக்கு விசிறுகிற பெண்ணை அதுவரை கண்டிருக்கமாட்டார். ஆனாலும் தன் கைவிசிறியை எடுத்துத் தந்தார். நல்ல மனிசி.

ஆம்ஸ்டர்டாமில் படகில் ஏற வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. பையைப் படகில் ஏற்ற விடவில்லை. நிலையத்துப் பெட்டகங்களிலும் அது அடங்காது. ஒருவர் கரையில் காவல் இருக்க வேண்டும். சீட்டுக் குலுக்கினோம். என் அதிர்ஷ்டம், எனக்கே விழுந்தது. அவர்கள் இருவரும் கையை ஆட்டிக்கொண்டு பாலத்துக்குக் கீழே போய் மறைந்தார்கள். நான் பையை மடியில் குறுக்காகப் போட்டுக்கொண்டு வாங்கில் இருந்தேன். எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. யாரும் கேட்காத ஒப்பந்தம் ஒன்றைப் பேசிவிட்டு, அதைச் சுமக்க மட்டும் நானா? அந்த நேரம் பார்த்து அப்பா தொலைபேசியில் வந்தார்.

"எப்பிடி இருக்கிறன் நான்?"

"என்ரை மடியிலை படுத்திருக்கிறியள்."

"பாரமோ?"

"ஓம், நல்ல பாரம்."

"அம்மாவின்ரை சமையல்" என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை அம்மா மேசையிலை ஐரோப்பாப் படத்தை விரிச்சு வைச்சு, நீங்கள் எங்கை நிக்கிறியள் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறா. நேற்று ராவும் எழும்பி என்ரை மூக்கிலை கை வைச்சவ. பாவம் பிள்ளை. என்னைவிட அவவுக்குத்தான் இன்னும் சுகம் வரேல்லை."

அதற்குப் பிறகு எனக்குக் கோபம் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. படகு திரும்பி வந்தபோது பையைத் தடவிக்கொண்டிருந்தேன் என்று மட்டக்களப்புக்காரி இன்றைக்கும் கதை சொல்லுகிறாள். நான் ஒத்துக்கொள்வதில்லை.

சனிக்கிழமை காலையிலேயே மூன்று ரயில் மாறிக் கேவலாரில் இறங்கினோம். இறங்கின உடனே காதில் விழுந்தது தமிழ். "எட, நீ எப்ப வந்தனீ?" "மரக்கறி ரோல்ஸை வெயிலிலை வையாதேங்கோ!" சேலையும் வேட்டியுமாக அந்தச் சின்ன ஜெர்மன் ஊர் நிரம்பிக் கிடந்தது. மதுரைக்காரி வாயைத் திறந்தபடி நின்றாள். "என்னடி இது, திருவிழாக் கூட்டமா இருக்கு. இது ஜெர்மனிதானா?" கார்களின் பின்கதவுகள் திறந்திருந்தன. தெரியாத ஒரு அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தே பசியைக் கண்டுபிடித்து, புளிச்சாதம் போட்ட தட்டைக் கையில் திணித்தார். அதுவும் மரக்கறிதான். பரவாயில்லை, உருளைக்கிழங்கு இல்லை.

மரநிழல் ஒன்றில் குழாயை வெளியே எடுத்தோம். அப்பா சொன்னபடி ஒரு தட்டுத் தட்டினேன். வரவில்லை. இன்னொரு தட்டு. அசையவில்லை. மட்டக்களப்புக்காரி குழாயைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாள். நான் திரியைப் பிடித்து இழுத்தேன். மதுரைக்காரி உள்ளே எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "ஆறுனப்போ சுருங்கி லூசாத்தான் இருந்திருக்கும். ரயில் சூட்டுல இளகிக் குழாயோட ஒட்டிக்கிச்சு."

தமிழர் கூடுகிற இடத்தில் ஒரு சாமான் இறுகிப்போனால் ஆலோசனைக்குக் குறைவிருக்குமா? சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுடுதண்ணி ஊற்றச் சொன்னார் ஒருவர். ஐஸ் வைக்கச் சொன்னார் அவருடைய மனைவி. குழாயோடேயே கொளுத்துங்கள் என்றார் இன்னொருவர். பிளாஸ்டிக் எரிந்து மணக்குமென்று பத்துப் பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். போத்தலில் இருந்த சுடுதேத்தண்ணியை ஒரு அன்ரி குழாய்மேல் ஊற்றியே விட்டார். மேலேயும் கீழேயும் மெழுகு கொஞ்சம் விட்டது. நெஞ்சு உயரத்தில் மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் டோட்முண்டிலிருந்து வந்த ஒரு அங்கிள், காரிலிருந்து இரும்பு அறுக்கிற வாளைக் கொண்டுவந்தார்.

"தள்ளுங்கோ பிள்ளையள். குழாயை மட்டும் அந்த இடத்திலை வட்டமாய் அறுப்பம். ரெண்டு பக்கத்தாலையும் கழன்று வரும்."

கவனமாகத்தான் அறுத்தார். குழாய் இரண்டாகக் கழன்றது. அதோடு 'டக்' என்று ஒரு சத்தமும் கேட்டது. வாள் மெழுகுக்குள்ளும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மெழுகுதிரி அந்த இடத்தில் முறிந்து, திரிக்கயிற்றில் மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது.

"கை ஓடிப்போச்சு பிள்ளை" என்று அங்கிள் வாளைக் கீழே போட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவருக்காகவும் சேர்த்து அழுகை வந்தது. பின்னால் ஒரு குரல், "முறிஞ்சதைக் கொளுத்தக் கூடாது" என்றது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஒஸ்லோவில் பெரிய வாயடித்தவள் நான். ஆனால் அப்பாவின் உயரத்தில் ஒரு பொருள் நெஞ்சில் முறிந்து கிடப்பதைப் பார்த்ததும் அம்மாவின் பயம் எனக்கும் பிடித்துக்கொண்டது. இதை அம்மா கண்டால், இனி ஒரு இரவும் நித்திரை கொள்ளமாட்டார். அப்பா இனி ஒரு படியும் தனியே இறங்கமாட்டார். நிலத்தில் குந்தி ஓவென்று அழுதேன்.

"அழாத கா. எழும்பு" என்றாள் மட்டக்களப்புக்காரி. மதுரைக்காரி ஏற்கெனவே முழங்காலில் நின்று முறிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திரி அறுபடல. நிமிர்த்தி வச்சா நிக்கும்டி, எடை நேரா கீழதான் இறங்கும். ஒட்டிக் கட்டணும், அவ்வளவுதான். கட்டுறது உன் வேலை."

லைட்டரால் இரண்டு முகத்தையும் உருக்கி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினோம். கால் சுளுக்கினால் சுற்றுவதற்கென்று கொண்டுவந்த இழுவைப் பண்டேஜ் என் பையில் இருந்தது. வகுப்பில் பழக்கியபடி, கீழிருந்து மேலாக, ஒன்றின்மேல் ஒன்று பாதி படிகிற மாதிரிச் சுற்றினேன். நிமிர்த்தினோம். நின்றது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

எரிகிற மெழுகுதிரிகளின் வரிசைக்குக் கொண்டுபோய் வைத்ததுதான் தாமதம், அம்மாவின் வீடியோ அழைப்பு. மட்டக்களப்புக்காரி பாய்ந்துபோய்ப் பண்டேஜுக்கு முன்னால் நின்றுகொண்டாள். அத்தனை உயரமும் அன்றைக்குத்தான் பிரயோசனப்பட்டது.

திரையில் அம்மாவும், அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அப்பாவும்.

"காட்டு பிள்ளை."

மேல்பக்கத்தை மட்டும் காட்டினேன்.

"முழுசாய்க் காட்டு. அந்த உயர்ந்த பிள்ளையை ஒருக்கா விலகச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். விலகினாள்.

நான் மளமளவென்று கொட்டினேன்: ரயில், வெயில், தேத்தண்ணி, வாள், எல்லாம். அங்கிளில் பிழையில்லை என்றேன், என்னில்தான் பிழை என்றேன், வேறு வாங்கிக் கொளுத்தட்டா என்று கேட்டேன். அம்மா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. பண்டேஜைப் பார்த்தார். திரும்பி அப்பாவைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி அப்பாவின் நெஞ்சில், சட்டைக்கு மேலால், அந்த வெட்டு இருக்கிற இடத்தில் வைத்தார்.

"முழுசாய்த் தாங்கோ எண்டுதான் கேட்டனான்" என்றார். "அவர் மட்டும் முழுசாயே வந்தவர்? பிளந்து, கம்பி போட்டுக் கட்டித்தானே தந்தவங்கள். எண்டாலும் நிக்கிறார்தானே." கையை எடுக்கவில்லை. "உதுதான் சரியாய் அவரின்ரை அளவு. கொளுத்து பிள்ளை."

கொளுத்தினேன். நெருப்பு ஒரு தரம் படபடத்துவிட்டு நிமிர்ந்து எரிந்தது. திரையில் அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தார். மாசி மாதம் அழ வேண்டிய அழுகை. அப்பா அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். இங்கே நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மூக்கைச் சீறினோம்.

கொஞ்சம் பொறுத்து அப்பாவின் குரல், மெதுவாக: "அப்ப நான் ஒருக்கா வெளியிலை நடந்திட்டு வரட்டே?"

அம்மா கண்ணைத் துடைத்தார். கைப்பையை இழுத்து, கார்ச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நடக்கிறதென்ன, காரையே எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார். "ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போங்கோ."